சாட்ஸ்வொர்த் நாட்குறிப்பு: ஒரு பழைய ஏர் ரைபிளும் தோல் வாஷரும்

19 ஜூலை 2025, சனி

மூன்றாவது வீட்டு ஐயாவின் துப்பாக்கி இன்று என் கைக்கு வந்துவிட்டது. வைராக் எச்.டபிள்யூ.35 ஏர் ரைபிள், ஜெர்மனியில் செய்தது, குழல் விட்டம் 4.5 மி.மீ. பேரலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் அழுந்தும்; சுட்டதும் அது பிஸ்டனைத் தள்ளும், அழுந்திய காற்று பெல்லட் என்கிற ஈயக்குண்டை வெளியே தள்ளும். அவருடைய அண்ணன் 1970-களில் டர்பன் கிரே ஸ்ட்ரீட்டில் வாங்கியதாம். வெருலம் பக்கம் பீன்ஸும் கத்தரியும் போட்டிருந்த காலம் அது. அண்ணன் போன பிறகு அலமாரிக்குப் பின்னால் சாய்ந்தே கிடந்திருக்கிறது. "எடுத்துக்கோ தம்பி, நீ லேத்து வேலை தெரிஞ்சவன்" என்றார். காசு வேண்டாம் என்றவரிடம் வற்புறுத்தித்தான் கொடுத்தேன்.

லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைக்கலாமா என்பதுதான் வீட்டுக்காரியின் முதல் கேள்வி. வைக்கலாம். இங்கே தென்னாப்பிரிக்காவில் 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 5.6 மி.மீ-க்குக் குறைவான குழல் விட்டம் உள்ள காற்றுத் துப்பாக்கி ஃபயர் ஆர்ம் கணக்கில் வராது. ஆனால் அதே சட்டம், குடியிருப்புப் பகுதியிலோ பொது இடத்திலோ நியாயமான காரணம் இல்லாமல் அதைச் சுடுவது குற்றம் என்றும் சொல்கிறது. லைசென்ஸ் வேண்டாம் என்ற பாதியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா மகனுக்கு போனில் இதைச் சொன்னேன். அங்கே 2016 விதிகளின்படி .177 அங்குல (4.5 மி.மீ.) விட்டத்தையோ 20 ஜூல் பலத்தையோ தாண்டினால்தான் லைசென்ஸ். நாட்டுக்கு நாடு கோடு வேறு வேறு இடத்தில் கிழித்திருக்கிறார்கள்.

டர்பனின் இந்தச் சாட்ஸ்வொர்த்தில் வீடுகள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கின்றன. இங்கே ஒரு பெல்லட்கூடச் சுடமாட்டேன். சுடுவதெல்லாம் கேம்பர்டவுன் பக்கம் நண்பரின் பண்ணையில், மண்மேட்டைப் பார்த்துத்தான்.

20 ஜூலை, ஞாயிறு

பண்ணைக்குப் போனோம். சுடுவதற்கு முன், துப்பாக்கியைத் தாங்கும் மரக்கட்டையின் திருகுகளைப் பார்த்தேன். மூன்றும் கையாலேயே சுற்றின. குறி சிதறுகிறது என்று யார் சொன்னாலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பாதிப் பேருடைய பிரச்சினை ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு தீர்ந்துவிடும்.

திருகை இறுக்கியும் சத்தம் சரியில்லை. சுட்டதும் 'டொய்ங்' என்று உள்ளே ஸ்பிரிங் அதிர்கிறது. தோளில் வெட்டுகிறது. பேரலை மடக்கும்போது இருக்கக்கூடாத அளவு கனம். பெல்லட்டின் வேகம் அளக்கும் குரோனோகிராஃப் வைத்தோம். ஒரு சுடு 196 மீட்டர், அடுத்தது 214, அப்புறம் 203. எல்லாம் வினாடிக் கணக்கு, இவ்வளவு ஏறி இறங்குகிறது. இருபது மீட்டரில் பெல்லட்டுகளும் உள்ளங்கை அகலத்துக்குப் பரவின.

டிஷ்யூ பேப்பரைக் கீற்றாகக் கிழித்து, பேரல் மடங்கும் மூட்டின் மேல் போட்டுச் சுட்டுப் பார்த்தேன். கீற்று துள்ளி எழுந்தது. காற்று அங்கேயும் கசிகிறது.

26 ஜூலை, சனி

முதலாளியிடம் கேட்டு, பைன்டவுன் பட்டறையிலேயே பிரித்தேன். ஸ்பிரிங் லோடு ஏறவில்லை, பெல்லட் இல்லை என்று இரண்டு முறை பார்த்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டேன். கட்டை கழன்றது. இரண்டு பின்களைத் தட்டியதும் ட்ரிகர் முழுசாகக் கையில் வந்தது. சேஃப்டி பட்டனுக்குப் பின்னால் ஒரு குட்டி ஸ்பிரிங் உண்டு, கவனிக்காவிட்டால் பட்டறையின் இருட்டு மூலைக்குப் பறந்துவிடும். அதற்காகவே கீழே வெள்ளைத் துணி விரித்திருந்தேன்.

பின்மூடி மரையில் ஏறியிருக்கிறது. அதைக் கழற்றும்போது உள்ளே அழுந்தியிருக்கும் ஸ்பிரிங் மெதுவாக விரிந்துகொண்டே வரும். கடைசி மரை விட்டதும் மிச்ச அழுத்தம் ஒரே பாய்ச்சலாகப் பின்னால் வரும். அதனால் லேத்தில் முன்னும் பின்னும் நகரும் முட்டான டெயில்ஸ்டாக்கை மூடிக்கு முட்டுக் கொடுத்து, கழற்றக் கழற்றப் பின்னுக்கு இழுத்தேன். லேத் இல்லாதவர்கள் தச்சர்களின் நீள கிளாம்பைப் பயன்படுத்துகிறார்கள். வெறுங்கையோடு இந்த வேலையைத் தொடக்கூடாது.

வெளியே வந்த ஸ்பிரிங் விரலிடை நீளம் வரைக்கும் துருத்தி நின்றது. ஒரிஜினல் இல்லை. யாரோ ஒரு காலத்தில் பவர் கூட்டுவதற்கு நீளமான, முரட்டு ஸ்பிரிங்கைத் திணித்திருக்கிறார்கள். அது நடுவில் வளைந்தும் போயிருக்கிறது. அதன் உள்ளே நிற்கும் கைடு தளர்ந்து ஆடுகிறது, 'டொய்ங்' அங்கிருந்துதான். பிஸ்டன் முகத்தில் தோல் வாஷர் கருகி, ஓரம் சுருண்டு, மரக்கட்டைபோலக் காய்ந்திருந்தது.

ஸ்பிரிங் எவ்வளவு முரடாக இருந்தாலும் காற்றை அடைக்க வாஷர் இல்லையென்றால் பலம் எங்கே போகும்? பிஸ்டன் சிலிண்டர் முனையில் போய் இடிக்கும், அந்த இடி தோளுக்கு வரும். பெல்லட்டுக்கு ஒன்றும் கிடைக்காது. அத்தனை கனமாக இழுத்து 200 மீட்டரைச் சுற்றித் தடுமாறியதற்கு இதுதான் காரணம்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

காலையில் கோயிலில் ஆடிக் கஞ்சி. ஐயாவும் வந்திருந்தார். அண்ணன் இந்தத் துப்பாக்கிக்கு மாதம் ஒருமுறை எண்ணெய் விடுவார் என்றார். என்ன எண்ணெய் என்று கேட்டேன். "தையல் மிஷின் எண்ணெய்தான், வேற என்ன?" வாஷர் ஏன் கருகியது என்று புரிந்தது. பிஸ்டன் பாயும்போது முன்னால் அகப்பட்ட காற்று ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பயங்கரமாகச் சூடாகும். அங்கே பெட்ரோலிய எண்ணெய் இருந்தால் டீசல் இன்ஜினில் பற்றுவதுபோலவே பற்றிக்கொள்ளும். பேரலில் நீலப் புகையும், சில நேரம் வேட்டுச் சத்தமும் வருவது அதனால்தான். அண்ணனின் அக்கறையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஐயாவிடம் இதைச் சொல்லவும் இல்லை.

மத்தியானம் தோல் வேலை. இப்போது எல்லோரும் சிந்தெடிக் சீல்தான் போடுகிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் இந்தத் துப்பாக்கி தோலோடு பிறந்தது, தோலோடுதான் ஓடட்டும் என்று தோன்றியது. ஊரில் சைக்கிள் பம்புக்குள் குவிந்த கிண்ணம்போல ஒரு தோல் வாஷர் இருக்குமே, அதே வடிவம், அதே வேலை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் செருப்புத் தொழிலுக்குப் பேர்போன ஊர், அங்கிருந்து நண்பர் ஒருவர் 3 மி.மீ. கனத்தில் நல்ல மாட்டுத்தோல் துண்டு கொண்டுவந்தார். அலுமினியத்தில் ஒரு அச்சு கடைந்திருந்தேன்: சிலிண்டர் உள்விட்டத்துக்கு ஒரு குழி, அதற்குள் இறங்கும் ஒரு குமிழ். வட்டமாக வெட்டிய தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, குமிழால் அழுத்தி, வைஸில் இறுக்கி வைத்துவிட்டேன்.

காயும் வரை அவசரப்படக்கூடாது. டர்பன் ஈரத்தில் குளிர்காலத்திலும் சில நாள் பிடிக்கும்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

தோல் அச்சிலிருந்து வந்தபோது உதடு கூர்மையாக, சீராக நின்றது. கூர்பிளேடால் விளிம்பைச் சீவி, தோலுக்கென்றே விற்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயில் ஊறவைத்தேன். சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவினால் மடக்குக் கம்பி ஓடும் வெட்டின் ஓரத்தில் பிசிறு நெருடியது. புது வாஷர் உள்ளே போகும்போதே அது உதட்டைக் கிழித்துவிடும். நைஸ் எமரியால் எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தேன்.

ஒரிஜினல் அளவு ஸ்பிரிங் வாங்கியாயிற்று. அதன் முனைகளை எண்ணெய்க் கல்லில் தேய்த்து மெருகேற்றினேன். கைடு டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் கடைந்தேன். வெர்னியரில் ஸ்பிரிங்கின் உள்விட்டத்தைப் பல இடங்களில் பார்த்து, அதைவிட மயிரிழை தடிமனாக விட்டேன். ஸ்பிரிங்கை அதன்மேல் திருகி ஏற்ற வேண்டியிருந்தது, ஏறிய பிறகு குலுக்கினாலும் சத்தமில்லை. அந்த இறுக்கம் கையில் பட்டதுமே பாதி வேலை முடிந்தது என்று தெரிந்துவிடும். உராய்வு குறைக்கும் மாலிப்டினம் பேஸ்ட் பிஸ்டனின் பக்கங்களில் மட்டும், விரல்நுனியால் ஒரு பூச்சு. வாஷருக்கு முன்னால் துளிகூட இல்லை. பேரல் மூட்டுக்குப் புது சீல்.

மாலையில் பண்ணை. முதலில் பேரல் மடங்கியது: வழுக்கிக்கொண்டு இறங்கி 'க்ளிக்' என்று மாட்டியது. சுட்டால் ஒரு 'தப்', அவ்வளவுதான். குரோனோகிராஃபில் 219, 221, 220, 222, 220. முரட்டு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு மெல்லியதைப் போட்ட பிறகு வேகம் கூடியிருக்கிறது! 0.547 கிராம் பெல்லட்டுக்கு இது சுமார் 13 ஜூல். இருபது மீட்டரில் சுட்டதையெல்லாம் ஒரு ஐந்து ராண்ட் நாணயத்தால் மூடலாம். நண்பர் துப்பாக்கியைத் திருப்பித் தரவே யோசித்தார்.

16 ஆகஸ்ட், சனி

துப்பாக்கி வேலை செய்கிறது என்று தெருவில் பரவிவிட்டது. ஒருவர் வந்து, கூரைமேல் வரும் குரங்குகளுக்கு ஒரு வாரம் கடன் கேட்டார். முடியாது என்றேன். கோபித்துக்கொண்டு போனார். போகட்டும்.

இங்கே வெர்வெட் குரங்குத் தொல்லை உண்மைதான், எங்கள் சமையலறை ரொட்டியும் போயிருக்கிறது. ஆனால் 13 ஜூல் பெல்லட் குரங்கைச் சட்டென்று கொல்லாது. தோலுக்குள் இறங்கித் தங்கும், புண் அழுகும், தாய் வயிற்றில் குட்டியோடு நாள்கணக்கில் துடிக்கும். உடம்பு நிறைய ஈயக்குண்டுகளோடு மீட்கப்பட்ட குரங்குகளின் எக்ஸ்ரே படங்களை டர்பனில் தன்னார்வலர்கள் பலமுறை காட்டியிருக்கிறார்கள். 1962-இன் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தக் கொடுமை குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன். சமையலறை ஜன்னலுக்குக் கம்பிவலை அடிக்க வேண்டுமானால் சொல்லட்டும், டிரில் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

30 ஆகஸ்ட், சனி

மகளைப் பண்ணைக்குக் கூட்டிப் போனேன். கிரேடு 8 படிக்கிறாள். கண்ணாடி போடு, பேரல் எப்போதும் மேட்டைப் பார்க்கட்டும், யாராவது முன்னே நடந்தால் பேரல் மடங்கிய நிலையிலேயே இருக்கட்டும், சாப்பிடுமுன் ஈயம் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. இத்தனையும் சொன்ன பிறகுதான் பெல்லட் டப்பாவைத் திறந்தேன்.

அவள் இறுக்கிப் பிடித்தாள், எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள். ஸ்பிரிங் துப்பாக்கியில் பெல்லட் வெளியேறும் முன்பே துப்பாக்கி நகரத் தொடங்கிவிடும். பிஸ்டன் முன்னே பாயும்போது பின்னால் வரும், பிஸ்டன் காற்றில் முட்டி நிற்கும்போது முன்னால் தள்ளும். இறுக்கினால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் தடுக்கிறோம். உள்ளங்கையை விரித்து, கட்டை அதன்மேல் சும்மா உட்காரட்டும், அது போகிற வழியில் போகட்டும் என்றேன். அடுத்த அட்டையில் பெல்லட்டுகள் ஒன்றையொன்று தேடி வந்தன.

திரும்பும்போது கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பற்றிச் சொன்னேன். 2019-இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் எடுத்தவர். அந்தப் போட்டியில் பத்துப் புள்ளி வட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். "அரை மில்லிமீட்டரா?" என்று விரலிடுக்கில் காட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

7 செப்டம்பர், ஞாயிறு

உள்நாட்டிலிருந்து இறங்கும் பெர்க் காற்று. சூடாக, விட்டு விட்டு வீசியது. குச்சியில் கட்டிய கம்பளி நூல் கிடையாக நின்றது. பெல்லட் சோதனை மட்டும் செய்தோம். மலிவான டப்பாவில் ஓரம் நசுங்கியவை கலந்திருந்தன. செக் நாட்டு ஜே.எஸ்.பி. எக்ஸாக்ட்தான் இந்தப் பேரலுக்குப் பிடிக்கிறது. இன்னொரு பேரலுக்கு வேறு பிடிக்கலாம், போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

24 செப்டம்பர், புதன்

விடுமுறை. பண்ணையில் பிராய் (தணலில் இறைச்சி சுட்டுச் சாப்பிடும் விருந்து) போட்டு நாலைந்து குடும்பம் கூடியது. வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: எத்தனை மீட்டர் வேகம்? 220 என்றால் முகம் சுளிக்கிறார்கள், பெட்டியில் 300-க்கு மேல் அச்சடித்த துப்பாக்கிகள் அவர்களிடம் இருக்கின்றன. சரி, அட்டையில் பார்ப்போம் என்று இருபத்தைந்து மீட்டரில் வைத்தோம். முன் சைட், பின் சைட் மட்டும் வைத்து ஐயாவின் பழைய எச்.டபிள்யூ. சுட்ட அட்டையைக் கையில் எடுத்த பிறகு வேகம் பற்றி யாரும் பேசவில்லை. ஐயாவும் ஒரு சுடு சுட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அண்ணன் வச்சிருந்தப்போ இது இப்படி இல்ல தம்பி" என்றார்.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. வெர்னியர், மைக்ரோமீட்டர், கடைசல் டூல்கள், மகளின் புத்தகங்கள் எல்லாம் வரிசையில். துப்பாக்கியையும் வைக்கலாமா என்று கேட்டாள். பேரலை மடக்கி, காலியாக இருப்பதை அவளையே பார்க்கச் சொல்லி வைத்தேன். சந்தனமும் குங்குமமும் கட்டையில் மட்டும். இரும்பில் ஈரச் சந்தனம் பட்டால், இந்தக் கடல் காற்றுக்கு மறுநாளே துரு பூத்துவிடும். பூஜை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு.

4 அக்டோபர், சனி

பிராய்க்கு வந்தவர்களில் ஒருவர் டயானா 35 ஏர் ரைபிள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவருடைய அப்பாவுடையது. வேகம் கூட்டும் பவர் கிட் போட்டுத் தரமுடியுமா என்றார். முதலில் ஒரிஜினல் ஸ்பிரிங்கும் வாஷரும் போட்டுப் பார்ப்போம், அப்புறம் பேசலாம் என்றேன். ஒத்துக்கொண்டார். கட்டைத் திருகில் ஒன்று காணோம். நாளைக்குப் பண்ணையில் டிஷ்யூ கீற்றோடு தொடங்குகிறேன். செருப்புக் கடை நண்பரிடம் இன்னொரு துண்டு தோலுக்குச் சொல்லியாயிற்று.