டிடிஎஸ் எவ்வளவு சார்?

மேட்டூர் அணையில் தண்ணீரின் தரம் பார்க்கும் ஒரு திட்டத்தில் மூன்று வருடம் ஒப்பந்த வேலையில் இருந்தேன். அந்த மூன்று வருடமும் டீக்கடையில், பஸ்ஸில், கல்யாண வீட்டில் என்று எங்கே போனாலும் ஒரே கேள்விதான்: "டேம் தண்ணி டிடிஎஸ் எவ்வளவு சார்?" வீட்டில் ஆர்ஓ மாட்ட வந்தவர் பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தம்ளரில் முக்கிக் காட்டிவிட்டுப் போன நாளிலிருந்து எல்லோருக்கும் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, என்ற அந்த வார்த்தை பழகிவிட்டது. காய்ச்சலுக்கு நூறு, நூற்றொன்று என்று சொல்கிற மாதிரி தண்ணீருக்கும் ஒரு எண் இருக்கும், அதை இவன் மறைக்கிறான் என்று பார்ப்பார்கள்.

120 அடி நிரம்பினால் 93.47 டிஎம்சி பிடிக்கிற அணை அது. எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில், எத்தனை மணிக்கு என்று திருப்பிக் கேட்டால் எதிராளிக்குச் சிரிப்புதான் வரும். நானே வேலையில் சேர்ந்த புதிதில் அப்படிக் கேட்கவில்லை, பதிலாக எண்ணைத்தான் சொன்னேன். அதனால் பட்ட அவமானத்தை அப்புறம் சொல்கிறேன்.

வேலை காலை ஐந்தரைக்கே ஆரம்பித்துவிடும். ஐஸ் பெட்டி, கழுவிக் கவிழ்த்த பாட்டில்கள், மீட்டர், கயிறு எல்லாம் படகில் ஏறும். கயிற்றில் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஒரு சிவப்புக் கோடு. அதன் நுனியில் இரண்டு பக்கமும் திறந்த ஒரு குழாய், அதைத் தேவையான ஆழத்துக்கு இறக்கிவிட்டு மேலேயிருந்து ஒரு பித்தளைக் குண்டைக் கயிற்றோடு நழுவவிடுவோம். குண்டு போய் இடித்ததும் குழாயின் இரண்டு வாயும் மூடிக்கொள்ளும். சத்தம் கேட்காது, கயிற்றைப் பிடித்திருக்கும் விரலில் ஒரு சின்ன அதிர்வு தெரியும், அவ்வளவுதான். படகோட்டி அண்ணன் முதல் மாதமே அதைக் கற்றுக்கொண்டார். நான் பாட்டிலில் லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கும்போது "மூடிக்கிச்சுங்க சார்" என்று அவரே இழுக்க ஆரம்பித்துவிடுவார்.

உப்பை அளப்பது என்றால் படகில் உட்கார்ந்து உப்பை அளப்பதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்ப்போம். கால்சியம், மக்னீசியம், சோடியம், பைகார்பனேட், குளோரைடு, சல்பேட் எல்லாம் அயனிகளாகக் கரைந்திருப்பதால் உப்பு கூடக்கூடக் கடத்தலும் கூடும். அந்த எண்ணை 0.5-லிருந்து 0.7 வரை ஏதோ ஒன்றால் பெருக்கினால் டிடிஎஸ். அந்த 'ஏதோ ஒன்று' மீட்டர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கடத்துதிறன் 500 மைக்ரோசீமென்ஸ் உள்ள ஒரே தண்ணீரை ஒரு மீட்டர் 250 என்றும் இன்னொன்று 350 என்றும் சொல்லும், இரண்டும் பொய் இல்லை. ஆர்ஓ விற்கிறவர்கள் இதை யாருக்கும் சொல்லி நான் பார்த்ததில்லை. நிஜமாகவே எடை தெரிய வேண்டுமானால் தண்ணீரை வடிகட்டி, ஆவியாக்கி, 180 டிகிரியில் உலர்த்தி, ஈரம் புகாத கண்ணாடிப் பாத்திரமான டெசிகேட்டரில் ஆறவைத்து, கிண்ணத்தோடு நிறுக்க வேண்டும். ஒரு நாள் வேலை. கிண்ணத்தின் அடியில் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுப்பாக ஒரு படலம் மிஞ்சும். அதுதான் எல்லோரும் கேட்கிற டிடிஎஸ்.

சரி, அவமானத்துக்கு வருகிறேன். நான் சேர்ந்த பின் வந்த முதல் மே மாதம். அணைக்குப் பக்கத்தில் ஆழமான இடத்தில் மேலிருந்து கீழ்வரை அளந்தேன். மேல் தண்ணீரில் கடத்துதிறன் அதிகம், ஆழம் போகப்போகக் குறைவு, வரைபடம் போட்டால் ஒரு பிசிறு இல்லாமல் சரிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். வெயிலில் மேல் தண்ணீர் ஆவியாகிறது, உப்பு மேலே தங்கிவிடுகிறது என்று ஒன்றரைப் பக்கத்துக்கு விளக்கம் எழுதினேன். எங்கள் மூத்த வேதியியலர், மேடம் என்றுதான் கூப்பிடுவோம், அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "டெம்பரேச்சர் வரிசையைப் பார்த்தியாப்பா?"

பார்த்தேன். மேலே 31 டிகிரி, கீழே 26. நீர் சூடாகச் சூடாக அயனிகள் வேகமாக ஓடும், ஒரு டிகிரிக்குச் சுமார் இரண்டு சதவீதம் கடத்தல் கூடும். 25 டிகிரியில் 500 காட்டும் தண்ணீர், ஒரு துளி உப்பு கூடாமலே 31 டிகிரியில் 560 காட்டும். இதற்காகத்தான் மீட்டரிலேயே வெப்பநிலைத் திருத்தம் இருக்கிறது. முந்தின நாள் ஏசி லேபில் 1413 மைக்ரோசீமென்ஸ் பொட்டாசியம் குளோரைடு கரைசலை வைத்துச் சரிபார்த்தபோது அந்தத் திருத்தத்தை அணைத்தவன் நான், திரும்பப் போட மறந்தவனும் நானேதான். லேபில் 25 டிகிரி என்பதால் அங்கே ஒன்றும் தெரியவில்லை. ஆக, நான் ஒன்றரைப் பக்கம் எழுதியது உப்பைப் பற்றி இல்லை, வெயிலைப் பற்றி. கணக்குப் போட்டுத் திருத்தியபோது வித்தியாசம் ஏறக்குறையக் காணாமல் போனது, மிச்சமிருந்த கொஞ்சமும் தலைகீழாக இருந்தது. அடியில்தான் சற்று அதிகம். அதற்குக் காரணம் மேடம்தான் சொன்னார். மேலே பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதால் பி.எச். ஏறுகிறது, கால்சியம் கார்பனேட்டாகிக் கீழே இறங்குகிறது, கீழே மக்குகிற குப்பையிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு அதை மறுபடி கரைக்கிறது. என் ஆவியாதல் கதையைவிட இது நல்ல கதை, உண்மையாகவும் இருந்தது.

அன்றிலிருந்து எண்ணை எழுதுவதற்கு முன்னால் இடம், ஆழம், நேரம், வெப்பநிலை நான்கையும் எழுதிவிடுவேன். அவை இல்லாத எண்ணைக் காட்டினால் இப்போதும் எனக்குக் கை அரிக்கும்.

ஆனால் உப்பு ஒழுங்காக இருந்தால் தண்ணீர் ஒழுங்கு என்று அர்த்தமில்லை என்பதை அந்த அணை ஒவ்வொரு வருடமும் மூக்கைப் பிடித்துச் சொல்லும். நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடந்த நந்தி சிலையும் பழைய கிறிஸ்தவக் கோபுரமும் வெளியே வரும், காய்ந்த நிலத்தில் சோளமும் ராகியும் போடுவார்கள். உரம் போடாமலா விளையும்? பிறகு தண்ணீர் ஏறி, தாளோடு எல்லாவற்றையும் மூழ்கடிக்கும். தாள் அழுகும், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கரையும், ஊர்க் கழிவும் சேரும், கொஞ்ச நாளில் கரையோரம் பச்சை பெயின்ட் கொட்டின மாதிரி பாசி. காற்று அடித்தால் வீட்டுக்குள் உட்கார முடியாது. கறுப்பும் வெள்ளையுமாக 20 சென்டிமீட்டரில் ஒரு தட்டு வைத்திருப்போம், அதைக் கயிற்றில் இறக்கி எவ்வளவு ஆழத்தில் மறைகிறது என்று பார்ப்பது வழக்கம். பாசி நாட்களில் முழம் இறங்குவதற்குள் மறைந்துவிடும். அதே இடத்தில் டிடிஎஸ் பார்த்தால், குடிநீருக்கு இந்தியத் தரநிலை சொல்லும் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் சமத்தாக இருக்கும். பாசிக்கும் கிருமிக்கும் அந்த எண்ணில் இடமே இல்லை. கரையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற பெரியவர் ஒருவர் கேட்டதற்கு நான் எண்ணைச் சொல்ல, "அப்ப நாத்தம் எங்க கனவுல வருதா தம்பி?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்படிப்பட்ட நாளில் நான் நம்பியது ஆக்சிஜன் பாட்டிலைத்தான். 300 மில்லி கண்ணாடிப் பாட்டிலில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்பி, படகிலேயே மாங்கனீஸ் சல்பேட் கொஞ்சம், கார அயோடைடு கொஞ்சம் பிப்பெட்டில் விட்டு மூடிக் குலுக்கினால் உள்ளே பஞ்சு மாதிரி ஒன்று திரளும். ஆக்சிஜன் இருந்தால் அது காப்பிப்பொடி நிறத்தில் படியும். மேல் தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் நல்ல பழுப்பு. அடித் தண்ணீர் பாட்டில் மட்டும், அழுகின முட்டை வாடையோடு, அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெள்ளையாக நின்றது. லேபுக்குப் போய் ஆக்சிஜன் அளவைக் கணக்கிடத் தயோசல்பேட் சொட்டு எண்ணுவதற்கு முன்னாலேயே விஷயம் தெரிந்துவிட்டது. படகோட்டி அண்ணன் எட்டிப் பார்த்து, "அதான் அடிவலையில ஒண்ணும் சிக்கலைங்க" என்றார்.

புதுத்தண்ணீர் வரும் நாட்கள் வேறு மாதிரி. கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் திறந்து, ஒகேனக்கல் தாண்டி வெள்ளம் வந்து சேரும்போது செந்தண்ணீர் பழைய பச்சைத் தண்ணீரோடு உடனே கலக்காது. இரண்டும் முட்டும் இடத்தில் நுரையும் சுள்ளியும் செருப்பும் சேர்ந்து ஒரு கோடு மாதிரி நிற்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு எண், படகு நீளம் தாண்டி அந்தப் பக்கம் வேறு எண். வண்டலோடு குளிர்ந்து வரும் தண்ணீர் கனம், அது பழைய தண்ணீருக்கு அடியில் புகுந்து போய்விடும்.

வேலை முடிகிற மாதத்தில் படகோட்டி அண்ணன் வீட்டு போர் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுவந்தார். மீட்டரின் புரோபை முக்கினேன். அன்று காலை அணையில் பார்த்ததைப் போல மூன்று மடங்குக்கு மேல். "அதாங்க சார், பருப்பு வேகவே மாட்டேங்குது, வீட்டுல என்னையத்தான் திட்டுறா" என்றார், வீட்டில் காட்ட வேண்டும் என்று எழுதிக் கேட்டார். பதிவேட்டின் கடைசித் தாளைக் கிழித்து எண்ணை எழுதிக் கொடுத்தேன். வாங்கி, தூரமாகப் பிடித்துப் படித்தவர் தாளைத் திரும்ப என்னிடமே நீட்டினார்.

"நேரம் போடலைங்களே சார்?"