புகை மட்டும் தெரிந்த ஊர்

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தின் வடமேற்கு மூலை. வாக்கீனியில் ஐ-70 நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்பினால் ஹில் சிட்டி. அங்கிருந்து 24-ஆம் எண் சாலையில் கிழக்கே கொஞ்ச தூரம் போனால் நிகோடெமஸ். இரு பக்கமும் அறுப்பு முடிந்த கோதுமைத் தாள், நடுநடுவே கதிர் விடும் சோளம். நம் ஊர்ச் சோளமேதான். இங்கே மைலோ என்கிறார்கள்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த ஊரில் 14 பேர். ஆனால் வெளியூர் போன குடும்பங்கள் வருடந்தோறும் வந்து கூடும் ஜூலை கடைசி வாரக் கடைசியில் போனால் கார் நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கும். நான் போனது அப்போதுதான்.

அடிமை முறை ஒழிந்து 12 வருடம் கழித்து, 1877-இல், கென்டக்கியிலிருந்து வந்த கறுப்பின மக்கள் உருவாக்கிய ஊர் இது. 5 வருடம் குடியிருந்து பண்படுத்தினால் 160 ஏக்கர் அரசு நிலம் சொந்தமாகும் என்று 1862-ஆம் வருடச் சட்டம் சொன்னது. ஊரை அமைத்தவர்களில் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்காரரும் ஒருவர். நல்ல மண், நல்ல தண்ணீர் என்று விளம்பரம் போயிற்று. பிறந்ததிலிருந்து பிறத்தியார் நிலத்திலேயே பாடுபட்டவர்களுக்கு 'சொந்த நிலம்' என்ற சொல் எப்படிக் கேட்டிருக்கும்!

செப்டம்பரில் முந்நூறு பேருக்கு மேல் வந்து இறங்கினார்கள். வீடில்லை, வெட்ட மரமும் இல்லை. பெரும்பாலோரிடம் உழவுக்குக் குதிரையும் இல்லை. ஏறக்குறைய 60 குடும்பங்கள் உடனே திரும்பிவிட்டன. மற்றவர்கள் மண்ணைத் தோண்டி, மேலே புல்கட்டி போட்டு மூடி, எலி வளை மாதிரியான குழி வீட்டில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். அந்தப் பக்கம் வந்த ஓசேஜ் பழங்குடியினர் வேட்டை இறைச்சியைப் பங்கிட்டுக் கொடுத்ததாக ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள்.

1878 வசந்தத்தில் வந்தவர் வில்லியானா ஹிக்மன். எல்லிஸ் ரயில் நிலையத்தில் இறங்கிய அவரது கூட்டத்தில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தார்கள். புதைத்துவிட்டு, குதிரை வண்டிகளில் இரண்டு நாள் பயணம். “அதோ நிகோடெமஸ்” என்று ஆண்கள் கத்தியதும் அவர் கண்ணுக்கெட்டிய மட்டும் தேடியிருக்கிறார். ஊரைக் காணோம். கணவர் கை காட்டிய இடத்தில் தரையிலிருந்து புகை மட்டும் கிளம்பிக்கொண்டிருந்ததாம். “நான் அழத் தொடங்கினேன்” என்று பின்னால் சொல்லியிருக்கிறார்.

சாலையோரம் பெயர்ந்து கிடந்த ஒரு மண்கட்டியை எடுத்துப் பார்த்தேன். பிய்க்க முடியவில்லை. புல்வேர் பாய் மாதிரிப் பின்னி மண்ணைப் பிடித்திருக்கிறது. இதைத்தான் அவர்கள் மண்வெட்டியால் கொத்திக் கோதுமை விதைத்திருக்கிறார்கள்.

பத்தே வருடத்தில் தேவாலயங்கள், பள்ளிக்கூடம், வங்கி, ஓட்டல், இரண்டு செய்தித்தாள்கள். இந்த ஊர்க்காரரான எட்வர்ட் மெக்கேப் 1882-இல் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்தலில் வென்றார். அப்புறம் ரயில் விஷயம். பாதை இந்த வழியாக வரட்டும் என்று 1887-இல் ரயில் கம்பெனிக்குக் கொடுக்க 16,000 டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிடலாம் என்று ஊரார் ஓட்டுப் போட்டார்கள். வரவில்லை. 1888-இல் யூனியன் பசிபிக் பாதை சாலமன் ஆற்றுக்குத் தெற்கே போனது. கடைக்காரர்கள் ஆற்றைத் தாண்டி 'போக்' என்ற புது ஊருக்குப் போய்விட்டார்கள். சில மைல் தூரம்தான். ஆனால் ஊரின் வளர்ச்சி அதோடு நின்றது. எனக்கு இன்னும் ஆறவில்லை. பின்னால் 1930-களின் பஞ்சமும் புழுதிப் புயலும். 1953-இல் தபால் நிலையமும் மூடப்பட்டது.

இருந்தாலும் மிசிசிப்பிக்கு மேற்கே அந்தக் காலத்தில் கறுப்பின மக்கள் அமைத்த ஊர்களில் இன்றும் ஆள் குடியிருப்பது இதுதான். 1996-இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தார்கள்.

1939-இல் சுண்ணாம்புக்கல்லில் கட்டிய டவுன்ஷிப் ஹாலுக்கு வெளியே, எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதலில் வந்த குடும்பங்களில் ஒன்றின் வாரிசு. பிழைப்புக்காக டென்வர் போய் அறுபது வருடமாகிறதாம். ஜூலையில் வராத வருடங்களை விரல் விட்டு எண்ணிக் காட்டினார். ஒரு கையே போதுமாயிருந்தது.

“உங்களுக்கு இங்கே யார் சொந்தம்?” என்று கேட்டார். யாருமில்லை என்றேன். “சரி, சாப்பிட்டுத்தான் போகணும்” என்று பேத்தியைக் கூப்பிட்டார்.