மணப்பாடு திருச்சிலுவைக் கோயிலும் சவேரியார் கெபியும்

திருச்செந்தூர்ல இருந்து சுமார் 18 கிலோமீட்டர், குலசேகரப்பட்டினம் தாண்டினதுமே மணல்மேடும் அது மேல நிக்கிற திருச்சிலுவைக் கோயிலும் தூரத்துலயே தெரிய ஆரம்பிச்சிடும். மூணு பக்கமும் கடல். செருப்பைக் கழட்டி கையில வெச்சுக்கிட்டு மேல ஏறுங்க, அந்த மணலுக்கு அவ்ளோ மரியாதை குடுக்கலாம்.

1540 வாக்குல ஒரு போர்த்துகீசியக் கப்பல் புயல்ல மாட்டி பாய்மரம் ஒடிஞ்சு இங்க கரை ஒதுங்குச்சாம், உயிர் பொழச்ச கப்பல் தலைவன் நேர்ந்துக்கிட்டபடி அந்த ஒடிஞ்ச மரத்துலயே சிலுவை செஞ்சு இந்தக் குன்று மேல நட்டாராம், ஊர்ல பரம்பரையா சொல்ற கதை இதுதான். சிலுவையச் சுத்தி கோயில் எழும்புனது 1581ல. இயேசு சுமந்த மெய்யான சிலுவையோட சின்னத் துண்டு ஒண்ணும் இங்க இருக்குன்றதால செப்டம்பர் 14 மகிமைத் திருவிழாவுக்கு எங்கெங்க இருந்தோ சனம் வருது.

ஆனா எனக்கு மனசு நின்னுபோனது கோயிலுக்குக் கீழ, கடல் பக்கமா இருக்கிற கெபியிலதான். முன்னாடி ஒரு சைவ சந்நியாசி தங்கியிருந்த குகை, அப்புறம் சவேரியார் (ஐரோப்பாவுல இருந்து வேதம் போதிக்க வந்த புனித பிரான்சிஸ் சவேரியார்) செபமும் தவமும் பண்ண இடம்னு அங்க கல்வெட்டுலயே எழுதி வெச்சிருக்காங்க. எனக்கு அது ரொம்பப் பிடிச்சுது, முன்னால இருந்தவரை மறைக்காம சொல்லியிருக்காங்க பாருங்க. கடல் இவ்வளவு கிட்ட இருந்தும் உள்ள கிணத்துத் தண்ணி உப்புக் கரிக்காது. நான் போனப்போ ஒரு பாட்டி பேரப்பிள்ளைங்களை வரிசையா உக்கார வெச்சு பரலோக மந்திரம் (இயேசு கத்துக்குடுத்த செபம்), பிரியதத்த மந்திரம் (மாதாவை வாழ்த்துற செபம்) சொல்லிக்கிட்டு இருந்தாங்க, ஒரு பொடியன் நடுவுல ஒரு வரிய விட்டுட்டான், "யய்யா, முதல்ல இருந்து சொல்லு"ன்னு திரும்ப ஆரம்பிக்க வெச்சாங்க.

இந்தக் கரையில விசுவாசம் வளந்ததே இப்படித்தான். முத்துக்குளித்துறைன்னு சொல்ற இந்தக் கடற்கரையோட பரதவ மக்கள் ஞானஸ்நானம் வாங்குனது 1536, 37லயே, சவேரியார் வர்றதுக்கு முன்னாடி. முத்துக் குளிக்கிறதுல வந்த சண்டையில பாதுகாப்பு வேணும்னு இவங்க ஆளுங்க கொச்சிக்குப் போயி போர்த்துகீசியர்களைக் கேட்டாங்க, அதைத் தொடர்ந்து ஊர் ஊரா ஞானஸ்நானம் நடந்துச்சு. ஆனா சொல்லிக்குடுக்க ஆளே இல்ல. 1542ல சவேரியார் வந்து பாத்தப்போ, நாங்க கிறிஸ்தவங்கன்றதைத் தவிர வேற எதுவும் இவங்களுக்குத் தெரியலன்னு கடிதத்துல எழுதியிருக்காரு.

அவருக்கும் தமிழ் தெரியாது. ரெண்டு பாஷையும் தெரிஞ்சவங்களைக் கூட்டி வெச்சு, ரொம்பப் பாடுபட்டு, சிலுவை அடையாளம், விசுவாச மந்திரம், பரலோக மந்திரம் எல்லாத்தையும் தமிழ்ல மாத்தி, அதைத் தானே மனப்பாடம் பண்ணி, கையில ஒரு மணிய எடுத்துக்கிட்டு தெருத்தெருவா அடிச்சுக்கிட்டே போயி பிள்ளைங்களைக் கூட்டியிருக்காரு. பிள்ளைங்க வீட்டுக்குப் போயி அப்பா அம்மாவுக்குச் சொல்லிக்குடுக்கணும். ஞானஸ்நானம் குடுத்துக் குடுத்து கை ஓஞ்சுபோகுது, மந்திரத்தைச் சொல்லிச் சொல்லி தொண்டையே வரமாட்டேங்குதுன்னு 1544 ஜனவரில எழுதுறாரு. அதை நினைச்சுக்கிட்டு அந்தக் கெபியில முழங்கால் போட்டப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அந்த வருஷமே வடுகப் படை, அதாவது வடக்கேயிருந்து வந்த தெலுங்குப் படை, கரையோர ஊர்களைச் சூறையாட, கன்னியாகுமரி பக்கத்து சனங்க கடல்ல இருக்கிற பாறைகளுக்கு ஓடி ஒளிஞ்சு பசியும் தாகமுமா கிடந்திருக்காங்க. மணப்பாட்டுல இருந்து படகுகளைக் கூட்டிக்கிட்டு உதவிக்குக் கிளம்புன சவேரியாரை எதிர்க்காத்து போகவிடல. அதையும் இங்க மணப்பாட்டுல இருந்துதான் மான்சிலாஸ்ன்ற தன் கூட்டாளிக்கு எழுதுனாரு.

அவர் இந்தக் கரையில இருந்தது கொஞ்ச காலம்தான், அப்புறம் மலாக்கா, ஜப்பான்னு போயி 1552ல சீனக் கரையோரத் தீவுல இறந்துட்டாரு. மிச்சத்தைக் காப்பாத்துனது இங்க இருந்தவங்க, ஊருக்கு ஊர் செபம் சொல்லிக்குடுத்த கணக்கப்பிள்ளைங்க, உபதேசியாருங்க, வீட்டுல அம்மாமாருங்க, இவங்க பேரெல்லாம் எந்தப் பீடத்துலயும் இல்லாதது எனக்கு ஒரு வருத்தம். 1547ல வந்த போர்த்துகீசிய சேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார் தமிழை நல்லாவே படிச்சு, 1578ல கொல்லத்துல தம்பிரான் வணக்கம்ன்ற கிறிஸ்தவ உபதேசப் புத்தகத்தை அச்சுல கொண்டுவந்தாரு, இந்திய மொழி எழுத்துல இந்த நாட்டுல அச்சான முதல் புத்தகம் அது. மணப்பாட்டுக் கோயிலுக்கு மூணு வருஷம் மூத்தது.

மேல கோயில்ல மெழுகுதிரி ஏத்திட்டு, ஊருக்குள்ள இருக்கிற பரிசுத்த ஆவி ஆலயம், யாகப்பர் ஆலயம் ரெண்டையும் பாத்துட்டு வாங்க. பனையோலையில பெண்கள் பின்னுற பெட்டி, கூடை எல்லாம் ஊர்லயே வாங்கலாம். திருவிழாவுக்குக் கூட்டம் ஜாஸ்தி, கெபியில அமைதியா செபம் பண்ணணும்னா சாதாரண நாள்ல காலையிலயே போயிடுங்க, பத்து மணிக்கு மேல மணல் காலைச் சுட்டுடும்.