கஜில்லியன் கொசு

மேட்டூர்த் தண்ணீர் வந்து வாய்க்கால் நிரம்பிய வாரத்தில்தான் நியூஜெர்சியிலிருந்து அக்கா மகன் நீடாமங்கலத்தில் வந்து இறங்கினான். வயது பத்து. முதல் நாள் ராத்திரியே திண்ணையில் உட்கார்ந்து கையையும் காலையும் அடித்துக்கொண்டு, "தாத்தா, இங்க கஜில்லியன் கொசு!" என்றான்.

அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்தவர். 40 கிலோ சிப்பத்தில் அரைக் கிலோ இடித்தாலும் அன்றைக்குத் தூங்க மாட்டார். அவரிடம் போய் இப்படி ஒரு எண்ணைச் சொல்லலாமா?

"பில்லியனுக்கு 9 சைபர், ட்ரில்லியனுக்கு 12. இதுக்கு எத்தனைடா தம்பி?"

"சைபரெல்லாம் இல்ல தாத்தா. சும்மா, நிறைய."

அப்பா என்னைப் பார்த்து முறைத்தார், ஏதோ நான்தான் சொல்லிக் கொடுத்த மாதிரி. செல்போனில் தேடினால் ஒரு குடும்பமே இருக்கிறது. ஜில்லியன், பஜில்லியன், ஸ்குவில்லியன். மில்லியனின் வாலைப் பிடித்துக்கொண்டு தலையில் வாய்க்கு வந்த எழுத்தை ஒட்டிவிடுகிறார்கள். தர்ட்டீன், ஃபோர்ட்டீன் வாலில் ஒட்டிக்கொண்டது அம்ப்டீன். ஒன்றுக்கும் கணக்குக் கிடையாது. "எல்லாம் கள்ள நோட்டு" என்று தீர்ப்பு சொன்னார் அப்பா.

கூகோல் மட்டும் தேறியது. 1 போட்டு 100 சைபர். கணித அறிஞர் எட்வர்ட் காஸ்னரின் உறவுக்காரப் பையன் வைத்த பேர்; அப்போது அவனுக்கு ஒன்பது வயது. இவனுக்கு ஒரே குஷி.

விடுவாரா அப்பா? "நம்மாளுங்க பூவை வச்சே எண்ணினாங்கடா" என்று பரிபாடலுக்குப் போய்விட்டார். நெய்தல், குவளை, ஆம்பல், கமலம், வெள்ளம், எல்லாமே பேரெண்கள். பரிபாடலை மதுரைக்காரர்கள் சொந்தம் கொண்டாடட்டும், வெள்ளத்தை எண்ணாக வைத்தவன் எங்கள் பக்கத்து ஆளாகத்தான் இருப்பான். தாளடி நெல் மூழ்கிக் கிடக்கும்போது எத்தனை மா நிலம் போச்சு என்று கேட்டால் வேறென்ன சொல்வது?

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல். "ஆயிரத்தெட்டு தடவை கூப்பிட்டாச்சு! தோசை ஆறிப்போகுது!"

பையன் விரல் விட்டு எண்ணினான். "மூணு தடவைதான் அம்மாச்சி. மீதி 1005 எங்க?"

உள்ளே தோசைத் திருப்பி கல்லில் டங்கென்று விழுந்தது.

"தம்பி, அது கஜில்லியன் மாதிரி. கேக்கக் கூடாது" என்று கிசுகிசுத்துவிட்டு, அப்பா முதல் ஆளாக எழுந்து உள்ளே போனார்.