31 கோடுகள்

போன மாதம் ஒரு நாள், வேலையில் கவனம் கலையும்போதெல்லாம் ஒரு தாளில் கோடு போட்டேன். மேனேஜரும் மீட்டிங்கும்தான் என் நேரத்தைத் தின்கின்றன என்று நிரூபிக்கத்தான் இந்த ஏற்பாடே. மதியத்துக்குள் 31 கோடுகள். யாராவது வந்து கூப்பிட்டது அதில் 9. மீதி 22 கோடும் நானே கவனத்தைக் கலைத்துக்கொண்டவை. மெயில் வந்திருக்கிறதா என்று பார்த்தேன், வரவில்லை, நாலு நிமிஷம் கழித்து மறுபடியும் பார்த்தேன். கொஞ்சம் கவனித்தபோது இன்னொன்றும் பிடிபட்டது: எழுதுகிற அறிக்கையில் எங்கே யோசிக்க வேண்டியிருக்கிறதோ, சரியாக அங்கேதான் கை போனுக்குப் போகிறது.

போனில் கழிவது ஒரு நிமிஷம்தான். திரும்பி வந்த பிறகு, "எதை எழுதிக்கொண்டிருந்தேன்?" என்று மேலிருந்து படிக்க ஆரம்பிக்கிறேனே, நேரம் அங்கேதான் செலவாகிறது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால், மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்கிறார். விட்டுப் போகும் முன் எந்த இடத்தில் நிற்கிறோம், திரும்பி வந்ததும் என்ன செய்யப்போகிறோம் என்று குறித்துவைத்தால் இந்தத் தங்கல் குறையும் என்பதும் அவருடைய பின்னாளைய ஆய்வுதான். எனக்கு உருப்படியாகப் பலன் தந்தது இது ஒன்றுதான். யாராவது கூப்பிட்டால், "ஒரு நொடி" என்று சொல்லிவிட்டு, "மூன்றாவது பத்தி, செலவுக் கணக்கு சரிபார்க்கணும்" என்று கிறுக்கிவிட்டுத்தான் எழுகிறேன்.

மீட்டிங்கை நான் குறை சொல்வதை நிறுத்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கிடைக்கிற நேரம் முழுவதையும் நிரப்பும்வரை வேலை விரியும் என்று பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் 1955லேயே சொல்லிவிட்டார், ஒரு மணி நேரம் என்று போட்டால் பத்து நிமிஷ விஷயமும் ஒரு மணி நேரம்தான் ஓடும். ஆனால் அதை மாற்றுவது என் கையில் இல்லை.

மெயில் என் கையில் இருக்கிறது. அறிவிப்பு ஒலியை அணைத்துவிட்டு ஒரு நாளைக்கு மூன்று முறை மட்டும் திறக்கிறேன். அவசரமென்றால் போன் செய்யுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லியும் வைத்தேன். பதில் தாமதமாகிறது என்று யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று முதல் வாரம் பயந்துகொண்டே இருந்தேன். ஒருவர்கூட கவனித்ததாகத் தெரியவில்லை, அதில் கொஞ்சம் வருத்தம்தான்.