தடைக்காலத்தில் ஓடியது

ஏப்ரல் 15, 2025, செவ்வாய்

தடைக்காலம் இன்று தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக்கூடாது. மண்டபம் துறையில் போட்டுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கின்றன. அம்மாவுக்கும் தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போவது நின்றுவிட்டது. வீட்டில் இரண்டு பேரும் சும்மா.

சும்மா என்று சொல்லக்கூடாது. போன தடவை இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வு தாண்டினேன், உயரம் தாண்டினேன், மார்பளவும் தாண்டினேன். 1500 மீட்டரில் விழுந்தேன். ஏழு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். எனக்குப் 11 நொடி கூடிவிட்டது. அம்மா இன்னும் அதை நம்பவில்லை. "பதினோரு நொடிக்கா வீட்டுக்கு அனுப்புனாக?"

சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் ஓடிப் பார்த்தேன். ஒரு சுற்று 200 மீட்டர், ஏழரைச் சுற்று. 7 நிமிடம் 38 நொடி. போட்டில் நிற்க, வலை இழுக்க எல்லாம் கால் நன்றாகவே ஒத்துழைக்கிறது. ஓட்டம் என்றால் மட்டும் யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுக்கிற மாதிரி இருக்கிறது. கூட ஓட வந்த மாப்பிள்ளை ஒரு யோசனை சொன்னான்: கணுக்காலில் எடை கட்டி ஓடு, கழற்றினால் பறப்பாய்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பார்சல் வந்தது. கறுப்புத் துணிப்பட்டை இரண்டு, உள்ளே தூள் மாதிரி ஏதோ நெறுநெறுவென்கிறது. கணுக்காலில் சுற்றி ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஒவ்வொன்றும் ஒரு கிலோ என்று எழுதியிருக்கிறது. மாமா விடுவாரா? மீன் தராசில் தூக்கி வைத்தார். ஒன்று 940 கிராம், இன்னொன்று 1,010. "நண்டு நிறுக்கிறவன் பரவாயில்ல போலயே" என்றார்.

தாத்தா திண்ணையில் இருந்தபடி பட்டையை வாங்கித் தடவிப் பார்த்தார். அவருக்கு வயது 84. இந்தக் கரையிலிருந்து சங்குகுளிக்கப் போனவர். 1961-ல் தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துக்குளிப்புக்கும் இளவட்டமாகப் போயிருக்கிறார். அந்தக் கதையை நூறு தடவை கேட்டிருப்பேன். இன்றுதான் அதில் ஒரு கல் வருகிறது என்பதைக் கவனித்தேன். கயிறு கட்டிய கல்லின்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டால் கல் ஆளை அடிக்குக் கொண்டுபோய்விடும். தரை தட்டியதும் காலை எடுத்துவிடுவார்கள்; மேலே இருக்கிறவர் கல்லை இழுத்துக்கொள்வார். சிப்பியைப் பொறுக்கிவிட்டுக் கயிற்றைச் சுண்டினால் அப்புறம் ஆளை இழுப்பார்கள்.

"கல்லு எறங்குறதுக்குடா. அதக் கட்டிக்கிட்டு எங்க ஓடப் போற?" என்றார்.

பழைய ஆள், இதெல்லாம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 23, புதன்

காலை ஐந்து மணி. கட்டிக்கொண்டு தார் ரோட்டில் மூன்று கிலோமீட்டர். முதல் நூறு மீட்டரிலேயே இடுப்புக்குக் கீழே உடம்பு என்னுடையது இல்லை. பாதம் தரையில் விழும் சத்தமே வேறு: வழக்கமாகத் தட், தட், இன்று தொப், தொப். ரயில்வே கேட் பக்கம் நாய் ஒன்று எழுந்து நின்று பார்த்தது, குரைக்கக்கூட இல்லை.

ஆனால் கழற்றின பிறகு பாருங்கள்! வீட்டு வாசலில் பட்டையைப் பிய்த்துப் போட்டு நாலு எட்டு வைத்தேன், முழங்கால் தானாக மேலே போகிறது. நடப்பதாகவே இல்லை, மிதப்பு. மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, அடுத்த வருடம் காக்கிச் சட்டைதான் என்றேன்.

ஏப்ரல் 28, திங்கள்

ஐந்து நாள் கட்டி ஓடியாயிற்று. இன்று மைதானத்தில் அரை மணி எடையோடு சுற்றிவிட்டு, கழற்றின சூட்டோடு 1500 ஓடினேன். காற்று மாதிரிப் போனேன். இப்படி ஒரு ஓட்டம் வாழ்க்கையில் ஓடியதில்லை என்று சத்தியம் செய்திருப்பேன்.

7 நிமிடம் 44 நொடி.

மாப்பிள்ளையின் கடிகாரம் ரிப்பேர் என்றேன். என் போனிலும் அதே 44.

மே 3, சனி

இரண்டு நாளாக ஓடவில்லை. வலது கணுக்காலுக்கு மேலே பட்டை உரசித் தோல் போய்விட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முன்காலெலும்பு நெடுக ஒரு வலி, விரலால் அமுக்கினால் உயிர் போகிறது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போதுதான் ரொம்ப மோசம்.

இன்னொரு கூத்து. வெள்ளைச் சாக்ஸில் பழுப்புக் கறை. ரத்தம் என்று பயந்து பார்த்தால் துரு. பட்டைக்குள் இருப்பது இரும்புத்தூள். நம் ஊர்க் காற்றில் வீட்டு ஜன்னல் கம்பியே மூன்று வருடம் தாங்காது. இதில் வேர்வை வேறு. அம்மா சாக்ஸை இரண்டு தடவை துவைத்துவிட்டுத் தூக்கிப் போட்டார்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று ஆரம்பம். பள்ளியில் எங்களுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பி.டி. சாரைப் போய்ப் பார்த்தேன். காலைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார், திட்டவில்லை. உள்ளே போய்த் தென்னை விளக்குமாற்றின் நீளக் கம்பை எடுத்து வந்தார். பட்டை ஒன்றைக் கம்பின் நுனியில் சுற்றி என் கையில் கொடுத்து, வேகமாக இப்படியும் அப்படியும் ஆட்டச் சொன்னார். பத்து ஆட்டில் மணிக்கட்டு கழன்றுவிடும் போலிருந்தது. பிறகு அதே பட்டையை என் கைப்பிடிக்கு ஒரு சாண் தள்ளிச் சுற்றினார். இப்போது விசிறி மாதிரி ஆடியது.

"எடை ஒண்ணுதானே? எங்க இருக்குன்னு பாரு."

ஆட்டும்போது தூரம் இரண்டு மடங்கானால் பாரம் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. இடுப்பிலிருந்து 20 சென்டிமீட்டரில் தொடையில் கட்டுவதையும் 80 சென்டிமீட்டரில் கணுக்காலில் கட்டுவதையும் ஒப்பிட்டால் 16 மடங்கு. அதனால்தான் ஓட்டக்காரர்கள் ஷூவில் கிராம் கிராமாகக் கணக்குப் பார்க்கிறார்கள்: ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் ஓட்டத்துக்கு ஆகும் சக்தி சுமார் ஒரு சதவீதம் கூடும். நானோ காலுக்கு ஒரு கிலோ கட்டியிருக்கிறேன். உடம்பு ஏமாந்த பிள்ளை இல்லையே, எட்டைச் சுருக்கிக்கொண்டது, பாதத்தைத் தாழ்த்திக்கொண்டது. ஐந்து நாளில் நான் நன்றாகப் பழகியது மெதுவாக ஓடுவது. உதறிய காலை முழங்காலும் தொடையும் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது, அடி தார் ரோட்டில் விழுகிறது. வலி வராமல் என்ன செய்யும்?

அப்படியென்றால் அந்தப் பறப்பு? அதுதான் எனக்கு ஆறவில்லை. இவ்வளவு பாரம் தூக்க இவ்வளவு விசை என்று மூளை ஒரு கணக்கு வைத்திருக்கும், பாரத்தை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அதே கணக்கில் போகும், அதனால் கால் லேசாகத் தோன்றும் என்றார். பேஸ்பால் ஆடுகிறவர்கள் கனத்த மட்டையைச் சுழற்றிவிட்டு ஆட்டத்து மட்டையை எடுத்தால் பறக்கிற மாதிரி இருக்குமாம். அளந்து பார்த்தால் வீச்சு வேகம் கூடவில்லை, குறைந்தும் இருந்திருக்கிறது.

ஆக எனக்கு வாய்த்தது 44 நொடியும் ஒரு நல்ல கனவும்.

எடையே ஆகாது என்று சார் சொல்லவில்லை. வேகமாக ஓடுகிறவர்களுக்குக் கெண்டைக்காலிலும் தொடையிலும் கிராம் கணக்கில் கட்டிப் பழக்குவது உண்டு, அதுவும் அருகில் ஒருவர் நின்று பார்த்துக்கொள்ள. "நீ கட்டுனது நங்கூரம்" என்றார். கடைசியாக, நான் ஓடும் சுற்று ஒவ்வொன்றுக்கும் நேரம் கேட்டார். முதல் 200 மீட்டர் 47 நொடி என்றேன். சிரித்துவிட்டார். ஏழு நிமிடத்துக்குச் சுற்றுக்கு 56 நொடி போதும். முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மீதி ஆறரைச் சுற்றுக்கும் பிச்சை எடுத்திருக்கிறேன். போன தடவை அந்தப் 11 நொடி போனதும் இதில்தான் என்று இப்போது தோன்றுகிறது.

மே 11, ஞாயிறு

எலும்பு வலி அடங்கியது. சார் சொன்னபடி மாமாவின் பைக்கில் அரியமான் கடற்கரைக்குப் போனேன். எடை வேண்டுமென்றால் மணலில் ஓடு, ஓசி என்றார்.

தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று எழும்பிவிட்டது. தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம் அலை கரையைப் போட்டு உடைக்கிறது. இந்தப் பக்கம், வடகடல் என்கிற பாக் விரிகுடா, ஊருணி மாதிரிக் கிடக்கிறது. சவுக்குத் தோப்பு ஓரம் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட ஆரம்பித்தேன். உலர்ந்த மணலில் பாதம் ஊன்றி உந்தும்போது மணல் பின்னால் வழுக்கிப் போய்விடுகிறது; உந்தியதில் பாதி மணலுக்குத்தான். கெட்டித் தரையில் ஓடுவதைப்போல் 1.6 மடங்கு சக்தி ஆகும் என்று 1998-ல் பெல்ஜியம் ஆராய்ச்சியாளர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். அளக்காமலே என் கெண்டைக்கால் அதைச் சொன்னது. ஆனால் இதில் முன்காலெலும்பு அடி வாங்கவில்லை, காலின் வீச்சும் மாறவில்லை.

ஒரு விஷயம். ஈரமணல் கடல் பக்கம் சரிந்திருக்கும். ஒரே திசையில் போய்க்கொண்டே இருந்தால் ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில். போன தூரம் அப்படியே திரும்பி வந்துவிட வேண்டும். கிளிஞ்சல் இரண்டு இடத்தில் கிழித்தது.

மே 19, திங்கள்

அம்மாவுக்கு முழங்கால். வருடக்கணக்கில் இருப்பதுதான், இந்தத் தடவை உட்கார்ந்தால் எழவே முடியவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில், பாறை மேல் ரப்பர் செருப்போடு, விரலில் துணி சுற்றிக்கொண்டு நாள் முழுக்கப் பாசி பறிக்கிற கால். ராமநாதபுரத்தில் எக்ஸ்ரே எடுத்தோம். மூட்டுத் தேய்மானம்.

பிசியோதெரபி பெண் சொல்லிக்கொடுத்தார்: நாற்காலியில் உட்கார்ந்து, காலை மெதுவாக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். பத்து தடவை. தொடைத்தசை வலுத்தால் மூட்டுக்குச் சுமை குறையும். ஒரு வாரம் வெறும் காலோடு, வலி இல்லையென்றால் கணுக்காலில் அரை கிலோ கட்டி.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

மே 25, ஞாயிறு

கட்டிலுக்கு அடியிலிருந்து பட்டைகளை எடுத்தேன். தூளெல்லாம் துருப்பிடித்துக் கட்டியாகியிருந்தது. மாமா தையலைப் பிரித்துக் கொட்டிவிட்டு, வலை ஈயம் போடலாம் என்றார், கொஞ்சம் போட்டாலே எடை நிற்கும் என்று. சொல்லிக்கொண்டே ஒரு ஈயக்குண்டைப் பழக்கத்தில் பல்லில் வைத்துக் கடிக்கிறார்! ஈயம் விஷம் மாமா என்றால், "முப்பது வருசமா கடிக்கிறேன்" என்று பதில். பிடுங்கி வைத்தேன். கடைசியில் மணல்தான். நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, கெட்டிப் பிளாஸ்டிக் பையில் இரட்டையாகக் கட்டி, தராசில் 500, 500. கிராம்கூடத் தப்பவில்லை. வலை ஊசியில் நைலான் நூல் கோத்து மாமா தைத்த தையல் கடையில் வந்ததைவிட உறுதி, பார்க்கத்தான் கண்ராவி. மணல் இடம் அடைப்பதால் பட்டை உப்பிக்கொண்டது. "ஆனக்கால் மாதிரி இருக்கு" என்று அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டார்.

ஜூன் 6, வெள்ளி

வாரத்தில் மூன்று நாள் மணல், இரண்டு நாள் மைதானம். மைதானத்தில் 400 மீட்டர் ஒரு நிமிடம் 48 நொடியில், இரண்டு நிமிட ஓய்வு, இப்படி நான்கு முறை. முதல் சுற்றில் என்னைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் பெரிய வேலை. இன்று முழு 1500: 7 நிமிடம் 9.

ஜூன் 14, சனி

தடை இன்றோடு முடிகிறது. துறையில் ஐஸ் ஏறுகிறது, டீசல் ஏறுகிறது, ஊரே கத்துகிறது. நாளைக்குப் போட்டில் ஏற வேண்டும்.

காலையில் கடைசியாக ஒரு ஓட்டம். முதல் சுற்று 56. ஏழாவது சுற்று வரை கணக்குப் பிசகவில்லை. முடித்தபோது 7 நிமிடம் 2. கழற்ற எதுவும் இல்லை, மிதப்பும் இல்லை. மைதானத்து ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தேன், அவ்வளவுதான். அறிவிப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம். இன்னும் இரண்டு நொடிக்கு மேல் வேண்டும். கரை திரும்பும் நாட்களில் ஓடிக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் அம்மா டி.வி. முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறார், இரண்டு காலிலும் பட்டை. பழைய சேலைக் கிழிசலைச் சுற்றி அதன்மேல் கட்டியிருக்கிறார், உரசாமல் இருக்க. எனக்கு அது தோன்றவே இல்லை. வலது கால் மெதுவாக நீண்டு நிற்கிறது. பாசி மூட்டையை எண்ணுகிற அதே குரலில், முதல் எண்ணுக்கு ஒன்று என்று சொல்லாமல், "லாபம்… ரெண்டு… மூணு…"

"தொண தொணன்னு பேசாத, எண்ணிக்க விட்டுப் போகும்" என்றார். நான் வாயே திறக்கவில்லை.