ஈரத் தரையில் படுக்கும் மீனு

மே மாத மதியம் சத்துவாச்சாரியில் எப்படி இருக்கும் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஃபேன் காற்றே அனலாக வரும். எங்கள் பூனை மீனு அந்த நேரத்தில் தேடுவது அம்மா அப்போதுதான் துடைத்துவிட்டுப் போன ஈரத் தரையைத்தான். மொசைக்கில் வயிற்றை அழுத்திப் படுத்துவிட்டு, அப்புறம் எழுந்து உள்ளங்கால், வயிறு, வால் என்று ஓர் இடம் விடாமல் நக்கும். அந்தத் தரையில் இருந்தது பினாயில்.

ஒருநாள் வாயிலிருந்து எச்சில் நூல்நூலாக ஒழுகியது, தட்டுப் பக்கமே வரவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் நாக்கின் ஓரத்தில் இருந்த புண்ணைக் காட்டிவிட்டு முதலில் கேட்டதே, "வீட்டை எதை ஊத்தித் துடைக்கிறீங்க?" என்றுதான்.

பினாயில் பலவற்றில் ஃபீனால் வகைப் பொருள்கள் இருக்கும். நம் கல்லீரல் அதை மாற்றி வெளியேற்றிவிடும், பூனையின் கல்லீரலில் அதற்கான நொதி போதாது. நாய் இதில் கொஞ்சம் தேவலை, ஆனால் அதுவும் பாதத்தை நக்கத்தானே செய்கிறது.

அன்றைக்கு வீடு முழுக்கத் தேடினேன். பீரோவில் பாச்சை உருண்டை. அது நாஃப்தலீன், ஒன்றை விழுங்கினாலே பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். சமையல் மேடையில் எறும்புச் சாக்பீஸ் கோடு. பரணில் எலி கேக், அதில் இருக்கும் புரோமடையலோன் தின்ற அன்றைக்கு ஒன்றும் காட்டாது, சில நாள் கழித்து உள்ளுக்குள் ரத்தம் கசிய ஆரம்பிக்கும். எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினேன். இன்னொன்றும் கட்டாயம் சொல்ல வேண்டும்: நாய் உண்ணிக்கு வாங்கிய பெர்மெத்ரின் மருந்து மிச்சம் இருக்கிறதே என்று பூனைக்குத் தடவிவிடாதீர்கள், வலிப்பு வந்து உயிரே போய்விடும்.

அம்மாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "பினாயில் வாசனை வராம வீடு துடைச்ச மாதிரியே இல்லடி" என்றார், சரி கற்பூரமாவது கரைத்துவிடலாமா என்று கேட்டார். கற்பூரமும் பூனை, நாய் இரண்டுக்கும் விஷம். இப்போது துளி சோப்புத் தண்ணீர், அதற்கு மேல் வெறும் தண்ணீரில் இன்னொரு துடைப்பு, அவ்வளவுதான். கழிவறைக்கு மட்டும் ஆசிட், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே மாட்டோம், குளோரின் வாயு கிளம்பும், அது மனுஷருக்கும் ஆகாது.

புண் ஆறிவிட்டது. இன்று மதியமும் தரை காய்வதற்குள் வந்து படுத்துவிட்டாள் மீனு, அம்மா மாப்பைப் பிடித்தபடி அவளைச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.